காலியாக இருந்த இரண்டு கட்டங்கள்

1957-ஆம் வருடம், ஐப்பசி மழை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லப் போவதில்லை, அங்கே வேலை பார்த்தவர்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான். மற்றவர்களை எதற்கு இழுக்க வேண்டும்?

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாத்திரத்தைச் சாய்த்து, ஒட்டுகிறதா ஓடுகிறதா என்று பார்ப்பேன். அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால், யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று உறையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி, சென்னையில் மூன்று வருடம் படித்துவிட்டு, பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகப் பேசுகிற ஊரில் போய் இறங்கினால் என்ன ஆகும்? யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் முதல் மாதம் முழுக்கக் கழுத்து வலி.

எங்கள் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில்கள். காலை வேலைக்கு நர்ஸ் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் அந்த ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே வருவார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். அதே வார்டில் பதினோரு வருடம் வேலை செய்தவர். அதிகம் பேச மாட்டார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வாயைத் திறக்காதவர்களிடம் ஏதோ விஷயம் இருக்கும் என்பது என் கணக்கு.

காலை ஐந்தரைக்கு நாங்கள் வேலையை ஆரம்பிப்போம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் என் வேலை. ஊசி போடுவதும், எல்லோருக்கும் தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூட்டைக் குறிப்பதும் அவர் வேலை. ஒரு பெரிய தாளில் கட்டில் எண்ணும், அதற்கு எதிரே ஒரு கட்டமும் அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் சூட்டை எழுதி, தாளை அட்டையில் கோத்து வாசலருகே மாட்டிவிட வேண்டும். எட்டு மணிக்கு டாக்டர் வந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். அதில் காய்ச்சல் இருந்தால் அந்தக் கட்டிலில் நிற்பார், இல்லாவிட்டால் நடந்துகொண்டே போய்விடுவார்.

ஒருநாள் காலையில் கட்டுத் துணியோடு திரும்பியபோது ஒன்றைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கழுத்தில் பெரியக்காவின் கை இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனார், அங்கேயும் கழுத்தில் கை. அந்தக் காலத்தில் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் தாலிக்கொடியோடுதான் வந்து படுப்பார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான்கு நாள் மறைப்புத் திரைக்குப் பின்னால் நின்று கவனித்தேன். தினமும் எல்லாக் கழுத்திலும் அந்தக் கை போய் வந்தது. ஆனால் யாருடைய கழுத்திலிருந்தும் எதுவும் காணாமல் போகவில்லை.

திருட்டு இல்லை என்று ஆனதும் என் சந்தேகம் தாளின் பக்கம் திரும்பியது. பழைய தாள்களைப் புரட்டினேன். அங்கங்கே ஒன்றிரண்டு காய்ச்சலைத் தவிர மற்றதெல்லாம் 36.7, 36.8, 36.9, மறுபடி 36.8. நாங்கள் சென்னையில் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று ஃபாரன்ஹீட்டில் படித்தவர்கள். இங்கே பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போன சென்டிகிரேடு. எண்கள் புதிதாக இருந்தாலும் அவை ஒரே மாதிரி இருக்கின்றன என்பது புரியாமல் இல்லை. காய்ச்சல் இல்லாத உடம்பெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே சூட்டிலா இருக்கும்? இவர் தெர்மாமீட்டரை வைக்காமலே எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வார்டுக்கே ஒரே ஒரு தெர்மாமீட்டர்தான். மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் மருந்துத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் காலையில் முதல் ஆளாக வந்து அதை எடுத்துத் துடைத்து என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். பெரியக்கா தேடினார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்னிடம் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன், குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஏழரை மணிக்குத் தாள் வழக்கமான இடத்தில் மாட்டியிருந்தது. முப்பத்தாறு கட்டங்களில் எண்கள் இருந்தன. இரண்டு கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. தெர்மாமீட்டரே இல்லாமல் முப்பத்தாறு பேருக்குச் சூடு பார்த்த அதிசயத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்று எனக்குள் ஒரே கும்மாளம். அந்த இரண்டு ஏன் காலியாக இருக்கின்றன என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அன்று மத்தியானமே தலைமைக் கன்னியாஸ்திரீயிடம் போனேன். பிரெஞ்சுக்கார அம்மா. எல்லோரும் அவரை மசேர், அதாவது பிரெஞ்சில் சிஸ்டர், என்றுதான் கூப்பிடுவார்கள். தாளையும் தெர்மாமீட்டரையும் அவர் மேஜைமேல் வைத்து, அது காலையில் காணாமல் போய் இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லி, நான் கண்டுபிடித்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மசேர் பெரியக்காவை வரவழைத்தார். தெர்மாமீட்டர் வைக்காமல் எழுதியது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. மறுநாள் அவரைக் கீழே கட்டுப் போடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அவருக்குப் பதில் வேறொருவர் வருவார் என்றார் மசேர். வரவில்லை. சென்னைக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள், எழுதியதற்குப் பதில் வரவில்லை என்றார்கள். ஆக, இரண்டு பேர் வேலை என் ஒருத்தியின் தலையில்.

முதல் நாள் வீராப்பாகத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொருத்தருக்கும் அக்குளில் ஐந்து நிமிஷம் வைத்து, எடுத்து, பார்த்து, எழுதி, கழுவி, உதறி, அடுத்த கட்டில். பதினேழாவது கட்டிலில் இருந்தபோது டாக்டர் வந்துவிட்டார். ஊசி ஒன்றுகூடப் போடவில்லை. கட்டு எதுவும் மாற்றவில்லை. தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. அவர் அத்தனை பேர் முன்னாலும் திட்டினார். சென்னையில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

அடுத்த நாள் சீக்கிரம் எழுந்து ஐந்து மணிக்கே வந்தேன். அதற்கடுத்த நாள் நாலரைக்கு. அப்போதும் முடியவில்லை. ஒரு வாரத்தில் பார்க்க வேண்டியவர்களை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நானே சொல்லிக்கொண்டு 36.8 எழுதினேன். முதல் தடவை எழுதியபோது கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஒரு மாதத்தில் நான் என்ன ஆனேன் என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் கை வைத்தால், தரை கழுவுகிற லைசால் மருந்து வாடை. படுத்தால் தூக்கம் வராது. எழுந்தால் கால் நகராது. கஞ்சிக் குவளையைத் தட்டிவிட்ட ஒரு கிழவியைப் பார்த்து, நான் பேசக்கூடாத வார்த்தையைப் பேசினேன். பிறகு துணி வைக்கும் அறையில் போய் அழுதேன். அழுதது அவளுக்காக இல்லை. இன்னும் இருபது கட்டில் பாக்கி இருக்கிறதே என்றுதான்.

உடம்பு ஓய ஓய என் சந்தேகம் மட்டும் கொழுத்தது. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் நடிக்கிறாள் என்று தோன்றும். தண்ணீர் கேட்டால் வேண்டுமென்றே என்னை நடக்க வைக்கிறாள் என்று தோன்றும். முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து எனக்கு எதிராகத் திட்டம் போட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

இருபத்திரண்டாம் கட்டிலில் ரெட்டியார்பாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. புருஷன் மில்லில் வேலை. ஒரு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். குடல்வால் ஆபரேஷன் ஆகி, வெளியே தையல் நன்றாகக் கூடியிருந்தது. வீட்டுக்கு அனுப்ப நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, நான் கடந்து போகும்போது முந்தானையைப் பிடித்தாற்போல என் ஏப்ரனைப் பிடித்தாள்.

“குளுருதுக்கா. உள்ளுக்குள்ளேர்ந்து குளுருது.”

மழைக்காலத்தில் குளிராமல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அடுப்படி, மாமியார், தண்ணீர்க் குடம். இன்னும் நான்கு நாள் இங்கே படுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அப்படிச் செய்கிற பெண்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இவளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றும் 36.8 எழுதினேன். அடுத்த நாளும், கிளம்புகிற நாள் காலையிலும் அதையேதான் எழுதினேன்.

அன்று காலை பத்து மணிக்குப் புருஷன் ரிக்‌ஷா கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். வீட்டுக்குப் போகிறவர்கள் கீழே கட்டுப் போடும் அறையில் கடைசியாக ஒருமுறை கட்டு மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவளை இறக்கி அனுப்பிவிட்டு, ஒரு கட்டில் காலி என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஆயா ஒருத்தி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். தாள் அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கீழே வரச் சொல்கிறார்கள் என்றாள்.

போனேன். அந்தப் பெண் பெஞ்சில் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பெரியக்காவின் கை அவள் கழுத்தில் இருந்தது. பக்கத்தில் டாக்டர். தெர்மாமீட்டரில் முப்பத்தொன்பதரைக் காய்ச்சல்.

டாக்டர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். இன்று காலை 36.8, நேற்று 36.8, முந்தாநாளும் 36.8. அப்படியென்றால் இது இப்போதுதான் திடீரென்று வந்த காய்ச்சல், மலேரியாவாகக்கூட இருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்துப் படுக்க வையுங்கள், நாளைக்கு ரத்தம் பார்க்கலாம் என்றார். மூன்று நாளாகவே காய்ச்சல் இருந்திருந்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளே சீழ் என்று அர்த்தம், அப்போது இந்த நிமிஷமே பிரித்தாக வேண்டும், ஆனால் தாளில் அப்படி இல்லையே என்றார்.

பெரியக்கா என்னைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறார், இந்த நேரத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண் கண் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தபோதும் என் புத்தி அப்படித்தான் போயிற்று. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ இவள தொட்டுப் பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், தாளே எனக்குச் சாட்சி. வாசலில் அவள் புருஷன் ரிக்‌ஷாக்காரரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“பாக்கல. மூணு நாளா பாக்கல. அந்த நம்பரெல்லாம் நானா எழுதினது. குளுருதுன்னு முந்தாநாளே சொன்னா.”

டாக்டர் அட்டையைத் தரையில் வீசினார். என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. அடுத்த அரை மணியில் அவள் ஆபரேஷன் மேஜையில் இருந்தாள். உள்ளே ஒரு குவளைச் சீழ் இருந்ததாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வயிறு முழுவதும் பரவியிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். பென்சிலின் ஊசியாகப் போட்டுப் போட்டு, ஐந்தாம் நாள்தான் காய்ச்சல் விட்டது. அந்த ஐந்து நாளும் நான் கோயில் குளம் என்று எதையும் நினைக்கவில்லை. ஒரு வயதுக் குழந்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மசேர் கூப்பிட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன், தெர்மாமீட்டரை என் பையில் ஒளித்தது உட்பட. கடைசியில், ஒருத்தருக்கு ஐந்து நிமிஷம், முப்பத்தெட்டுப் பேர், ஒரு தெர்மாமீட்டர் என்றேன். அவர் விரலைவிட்டுப் பிரெஞ்சில் எண்ணினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது என்றார். பிறகு எழுந்து சுவர் அலமாரியைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். பஞ்சுக்குள் ஒரு டஜன் புதுத் தெர்மாமீட்டர்கள்.

போன வருடம் சென்னையிலிருந்து வந்தவையாம். ஃபாரன்ஹீட் அளவு. அச்சடித்த தாள் சென்டிகிரேடு. எண் ஒத்துப்போகாது, நோயாளிக்கு ஆபத்தாகிவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்களாம். பெரியக்காவுக்கு அந்த அளவு தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் சிறு வயதிலிருந்து தெரிந்தது. ஆனால் அங்கே யாரையும் நம்பாமல், யாரோடும் ஒட்டாமல் இருந்த என்னிடம் அதைப் பற்றி யார் பேசுவார்கள்? நானும் ஒரு நாளாவது வேறு தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேட்டவள் இல்லை.

அன்று சாயங்காலமே இந்த எண்ணுக்கு இந்த எண் என்று ஓர் அட்டையில் எழுதி வார்டுச் சுவரில் மாட்டினேன். ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் வைத்து எடுக்க முடிந்தது. எனக்கு எழுத்து மூலம் கண்டனம் கொடுத்தார்கள். வாங்க வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். இரண்டாவது நர்ஸ் வர இன்னும் நான்கு மாதம் ஆயிற்று.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்ட அன்று கட்டுப் போடும் அறைக்குப் போனேன். பெரியக்கா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் உருட்டுவதை நிறுத்தாமல் பேசினார், அவர் அத்தனை பேசி அன்றுதான் கேட்டேன். தினமும் முப்பத்தெட்டுக் கழுத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பாராம். சுடுகிற உடம்புக்கு மட்டும் தெர்மாமீட்டர். சுடாத உடம்புக்குக் கை சொன்னதை எண்ணாக எழுதிவிடுவாராம். சரியான முறை இல்லை, ஆனால் வேறு வழி இருக்கவில்லை என்றார்.

நான் தெர்மாமீட்டரை ஒளித்த அன்று, அந்த இரண்டு கட்டில்களிலும் கை சுட்டதாம். எத்தனை டிகிரி என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. டாக்டரிடம் வாயால் சொல்லிவிட்டார். அதாவது, அந்தத் தாளிலேயே நாணயமான இரண்டு கட்டங்களைப் பற்றி யோசிக்காமலே, அந்தத் தாளை நான் அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்குக் காது சுட்டது.

“உன் பையிலதான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். டாக்டரு வந்தப்போ நீ குனிஞ்ச, நுனி வெளிய தெரிஞ்சுது.”

பிறகு ஏன் மசேரிடம் அதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்றதுக்குத் தெம்பு இல்லம்மா. பதினோரு வருஷம். என்னை மாத்திட்டாங்கன்னதும் அழுவேன்னு நெனச்சியா? வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு தூங்கினேன்.”

மறுபடி வார்டுக்கு வரும்படி கெஞ்சினேன். மசேரும் கூப்பிட்டார். அவர் வரவில்லை. கட்டுப் போடும் அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு மாதத்திலேயே நான் அப்படி ஆகிவிட்டேன் என்றால், பதினோரு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கை ஒரு கழுத்தையும் விடாமல் தொட்டது எப்படி என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் சந்தேகப் புத்தி முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பால் பாத்திரத்தை இன்றும் சாய்த்துப் பார்க்கிறேன். ஆனால் பிற்பாடு நான் பல ஆஸ்பத்திரிகளில் தலைமை நர்ஸாக இருந்தபோது, ஒரு நர்ஸ் சிடுசிடுக்கிறாள், கவனமில்லை, பொய் எழுதுகிறாள் என்று யார் வந்து சொன்னாலும், அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நானே அவள் வார்டுக்குப் போய், அவள் ஒருத்திக்கு எத்தனை கட்டில் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.